கோட்டக்கல் தந்த வைத்தியரத்தினம்
(பி. எஸ். வாரியர் வாழ்க்கை வரலாறு)

மருத்துவம் கற்றவர் உலகில் பலர். கற்ற மருத்துவம் தம்மோடு முடிந்துவிடாமல், தமக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குப் பயன்படுமாறு ஒரு நிலையத்தை நிறுவிச் சென்றவர் மிகச் சிலரே. நாடி பார்க்கும் கை வேறு; கணக்கேடு எழுதும் கை வேறு என்று எண்ணுவதே பெரும்பாலோரின் வழக்கம். இவ்விரண்டும் ஒருவரிடமே அமைந்து, இரண்டும் அறத்தின் வழி நின்றால் எத்துணைப் பெரிய நன்மை விளையும் என்பதற்கு நம் அயலிலேயே ஒரு சான்று உண்டு. அவரே கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையை நிறுவிய வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர்.

வாளையார்க் கணவாயைக் கடந்து பாலக்காட்டிற்கும், போடிமெட்டும் குமுளியும் ஏறி இடுக்கி மலைகளுக்கும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில் கோட்டக்கல் என்னும் பெயரை அறியாத வீடு இருத்தல் அரிது. பாட்டியின் முழங்கால் வலிக்குக் குழம்பும், பிள்ளை பெற்ற மகளுக்கு அரிட்டமும் அங்கிருந்து வந்தவையே. மருந்தை அறிந்த அளவிற்கு அம்மருந்தை நமக்கு எட்டச் செய்த மனிதரை நாம் அறிந்தோமில்லை. நம் பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவக் கல்லூரிகளில் பயில்கின்றனர். மற்றும் பலர் பயில விரும்புகின்றனர். படிப்பு முடிந்தபின் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பது ஒன்றே வழியா என்னும் கேள்வி அவர்களுக்கும் பெற்றோருக்கும் எழாமல் இராது. அக்கேள்விக்கு ஒரு விடை இப்பெரியாரின் வாழ்க்கையில் உண்டு. ஆதலின் அதனை இவ்விழா மலரில் எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் குடும்பமும்

பன்னியம்பள்ளி சங்குண்ணி வாரியர் 1869ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் பிறந்தார். கோட்டக்கல் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இன்று மலப்புறம் மாவட்டத்தில் உள்ள நகரம். சாமூதிரி மன்னர் குடும்பத்தின் கிளையாகிய கிழக்கே கோவிலகம் இவ்வூரில் இருந்தது. வாரியர்கள் கோயில் தொண்டையே குலத்தொழிலாகக் கொண்டவர்கள். மாலை தொடுத்தல், பூசைக்கு வேண்டுவன ஒழுங்கு செய்தல் முதலியன அவர்களுடைய பணிகள். வடமொழிக் கல்வியும், கலையில் ஈடுபாடும், மருத்துவமும் இக்குலத்தில் வழிவழி வந்தன. வாரியரின் தந்தையார் குடும்பம் மாறாயமங்கலத்தைச் சேர்ந்தது. அவ்வூர் இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆகவே பாலக்காட்டார்க்கு இவர்பால் ஓர் உறவு உரிமையும் உண்டு.

அக்காலக் கேரளத்தில் இக்குடும்பங்களில் மருமக்கள்தாய முறை நிலவியது. சொத்தும் பெயரும் தாய் வழியே செல்லும். ஒருவர் ஈட்டிய பொருள் உடன்பிறந்தாளின் மக்களைச் சாரும், மகனைச் சாராது. பிற்காலத்தில் வாரியர் எடுத்த பெரிய முடிவொன்றை உணர்வதற்கு இச்செய்தி நமக்கு வேண்டியிருக்கும்.

குருகுலத்தில்

இளமையில் வடமொழியைக் கற்ற சங்குண்ணி, முதலில் கோனத்து அச்சுத வாரியரிடம் மருத்துவப் பாடம் தொடங்கினார். பின்னர்க் கொச்சி நாட்டைச் சேர்ந்த குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார். மூஸ் அவர்கள் அட்டவைத்தியர் எனப்படும் புகழ்பெற்ற மருத்துவக் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். மருத்துவத்தின் எட்டு அங்கங்களையும் கற்றுத் தேர்ந்தவர் என்பதே அப்பெயரின் பொருள். வாகபடரின் அட்டாங்க இருதயம் அக்குடும்பங்களின் தலைமை நூல்.

குருகுலக் கல்வி இன்றைய கல்லூரிக் கல்வி போன்றதன்று. விடியற்காலையில் சூத்திரங்களை மனனம் செய்யவேண்டும். பகலில் ஆசிரியர் நோயாளியைப் பார்க்கும்போது அருகில் நின்று காணவேண்டும். மூலிகையை இனம் காணவும், இடிக்கவும், எண்ணெயின் பதம் பார்க்கவும் கைப்பழக்கமாகவே கற்கவேண்டும். இவ்வாறு நான்கு ஆண்டுகள் சங்குண்ணி வாரியர் பயின்றார். நோயறிதல், மருந்து செய்தல், நோயாளியோடு பேசுதல் ஆகிய மூன்றும் பிரிக்கப்படாத அந்தக் கல்விதான் பின்னாளில் அவர் எழுப்பிய கட்டடத்திற்கு அடிக்கல் ஆயிற்று.

கண் நோய் காட்டிய வழி

மருத்துவராகத் தொழில் தொடங்கிய காலத்தில் வாரியருக்குக் கண்ணில் நோய் உண்டாயிற்று. மஞ்சேரி அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் வி. வர்கீஸ் என்பவர் மேனாட்டு மருத்துவ முறையில் சிகிச்சை செய்துவந்தார். வாரியர் அவரை நாடினார், நலமும் பெற்றார். வேறொருவராயின் நன்றி கூறி வீடு திரும்பியிருப்பார். வாரியரோ, தம் கண்ணைக் காத்த கலையைத் தாமும் அறியவேண்டும் என்று விரும்பினார். வர்கீசும் மறுத்தாரில்லை. நாட்டு மருத்துவத்தில் முன்பே தேர்ந்த ஒருவர், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மீண்டும் மாணவராக அமர்ந்து உடற்கூறும், நோய்களின் இயல்பும், அறுவைக் கருவிகளைக் கையாளும் முறையும் பயின்றார்.

இந்த மூன்று ஆண்டுகளால் வாரியருக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை; அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. அரசாங்க மருத்துவமனையில் மருந்து முன்னரே செய்து புட்டியில் அடைத்துப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது. நோயாளி வந்தவுடன் அளந்து கொடுக்கப்பட்டது. எந்த நாளில் வாங்கினாலும் மருந்து ஒரே தன்மையதாக இருந்தது. நோயாளியின் வீட்டார் காடு மேடு அலைய வேண்டியதில்லை. இரு பள்ளிகளிலும் பயின்ற அந்த மாணவர் இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். பின்னாளில் அவர் செய்த செயலே அதற்குச் சான்று.

நாட்டு மருத்துவத்தின் அந்நாளைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டு வைத்தியர் நோயாளிக்கு மருந்து தருவதில்லை. மருந்துச் சீட்டே தருவார். அதில் பத்து இருபது சரக்குகளின் பெயர்களும் அளவுகளும் இருக்கும். கடைச்சரக்குகளை அங்காடியில் வாங்கவேண்டும். பச்சிலையையும் வேரையும் தேடிப் பறிக்கவேண்டும். பின்னர் அவற்றைக் கழுவி, நறுக்கி, இடித்து, மண்கலத்தில் நீர் ஊற்றிச் சிறு தீயில் எட்டில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, வடித்துக் கொடுக்கவேண்டும். அதனை நாள்தோறும் புதிதாகச் செய்யவேண்டும். எண்ணெயும் நெய்யும் காய்ச்சுவதாயின் நாட்கணக்கில் உழைப்பு வேண்டும்.

கூட்டுக் குடும்பமும் ஓய்வு நேரமும் ஆட்களும் நிறைந்த வீடுகளுக்கு இது கூடும். கூலி வேலைக்குச் செல்லும் ஏழைக்கும், ஊர் விட்டு ஊர் சென்று அலுவல் பார்ப்பவனுக்கும் இது கூடுமா? போதாக்குறைக்கு, ஒரு மூலிகை கிடைக்காதபோது வேறொன்றை இடுவோரும், இனம் தெரியாமல் தவறான வேரை இடுவோரும் இருந்தனர். மருந்து பலிக்காதபோது பழி மருத்துவத்தின் மேல் விழுந்தது. மறுபுறம், மேனாட்டு மருந்துகள் புட்டிகளில் கடைதோறும் வந்து நின்றன. இந்நிலையில் நாட்டு மருத்துவம் நலிந்துவந்தது. நூல்களில் இருந்த அறிவு குறைந்துவிடவில்லை. அந்த அறிவு நோயாளியைச் சென்றடையும் பாதைதான் தூர்ந்துபோயிற்று.

பழம்பெருமை பேசி இரங்கியவர்கள் அந்நாளிலும் பலர் இருந்தனர். பாதையைச் செப்பனிட முன்வந்தவர்கள் சிலரே. வங்காளத்தில் வேதியியல் பேராசிரியரான பிரபுல்ல சந்திர ரே தாமே மருந்து செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கி நடத்திவந்தார். கல்கத்தாவில் டாக்டர் எஸ். கே. பர்மன் 1884இல் தொடங்கிய மருந்து நிலையம் டாபர் என்னும் பெயரில் வளர்ந்தது. சென்னையில் பண்டித டி. கோபாலாச்சார்லு ஆயுர்வேத மருந்துகளைச் செய்து விற்றார். கற்றவர் தொழிலிலும் இறங்கவேண்டும் என்னும் எண்ணம் நாட்டின் பல மூலைகளிலும் அரும்பிய காலம் அது.

1902ஆம் ஆண்டு

1902ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலை தொடங்கப்பெற்றது. வாரியருக்கு அப்போது வயது 33. நூல்முறை வழுவாமல் செய்த கசாயம், அரிட்டம், ஆசவம், இலேகியம், தைலம், நெய், குளிகை முதலியவற்றை முன்னரே ஆயத்தம் செய்து, வேண்டுவோர்க்கு விலைக்குக் கொடுப்பதே அதன் நோக்கம்.

இன்று இது எளிய செய்தியாகத் தோன்றலாம். அன்று எளியதன்று. மருந்தை விலைக்கு விற்பது மருத்துவரின் மரபுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் இருந்தது. அன்றன்று காய்ச்ச வேண்டிய கசாயத்தைப் பலநாள் வைத்திருந்தால் குணம் கெடாதா என்னும் ஐயம் அதனினும் வலியது. வாரியர் சொற்போரால் மட்டும் இவ்வையங்களைப் போக்க முயலவில்லை. கசாயம் நாள்பட்டும் கெடாதிருக்கும் முறையை வகுத்து, அதனை நோயாளர்க்குக் கொடுத்து, குணத்தைக் காட்டினார். ஏழைக்குக் கிடைக்காத நல்ல மருந்தைக் காட்டிலும், கிடைக்கும் நல்ல மருந்தே மேல் என்பது அவர் கொண்ட துணிபு எனலாம்.

இத்தொழிலில் மூன்று கண்ணிகள் உண்டு. சரக்கு வாங்குதல் முதலாவது. செய்முறை இரண்டாவது. விற்பனை மூன்றாவது. மூன்றில் எது அறுந்தாலும் நிலையம் நில்லாது. நல்ல மூலிகையைப் பருவம் அறிந்து வாங்கவேண்டும். மலைச்சரக்கு வரும் காலம் வேறு, வயல்வெளிப் பச்சிலை கிடைக்கும் காலம் வேறு. வாங்கியதற்கு உடனே பணம் கொடுக்கவேண்டும். மருந்து விற்றுப் பணம் வருவதோ பின்னர். இந்த இடைவெளியைத் தாங்கும் முதல் இல்லாமல் மூழ்கிப்போன தொழில்கள் எத்தனையோ. நெய்யும் எண்ணெயும் பதம் தவறினால் பல நாள் உழைப்பும் சரக்கும் ஒருசேர வீணாகும். கைதேர்ந்த பணியாளரைப் பழக்கி எடுக்கவும் காலம் வேண்டும். ஆசிரியர் அருகில் நின்று மருந்து செய்து பழகிய மாணவராதலின், வாரியர் பிறர் கையை எதிர்பார்க்கும் முதலாளியாக இருக்கவில்லை. பதம் தவறுவதைத் தம் கண்ணாலேயே காணவல்ல முதலாளியாக இருந்தார்.

விலைப்பட்டியலும் பத்திரிகையும்

நல்ல பொருளைச் செய்துவிட்டால் மக்கள் தாமே தேடி வருவர் என்று இருந்துவிடுவது கற்றவர்களின் இயல்பான குறை. வாரியர் அவ்வாறு இருக்கவில்லை. 1903இல் தன்வந்தரி என்னும் மருத்துவ மாத இதழை மலையாளத்தில் தொடங்கினார். அது இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்தது. நோய்கள், உணவு, பழக்கவழக்கங்கள், மருத்துவ நூற்பொருள், நாட்டு மருத்துவத்தைச் சீர்திருத்த வேண்டிய வழி ஆகியவை அதில் பேசப்பட்டன. வைத்தியர்களிடையே விவாதங்களும் அதில் நிகழ்ந்தன. அதனோடு வைத்திய சாலையின் மருந்துகளும் மக்களுக்கு அறிமுகமாயின.

பின்னர்ச் சிகிச்சா சங்கிரகம் என்னும் கைநூலையும் எழுதினார். எந்நோய்க்கு எம்மருந்து, அதனை எவ்வளவு உண்பது, எதனோடு உண்பது, பத்தியம் யாது என்பவற்றை எளிய முறையில் அது கூறியது. ஊர் வைத்தியரும் அதனைக் கொண்டு மருந்து கொடுக்கலாம். எழுத்தறிந்த குடும்பத்தலைவரும் அதனைப் படித்து அறியலாம். குடும்ப மறைபொருளாக ஓலைச்சுவடிகளில் உறங்கிய அறிவை அச்சிட்டு ஊரறியச் செய்தமை அவருடைய வாணிகத்துக்கும் துணையாயிற்று, மக்களுக்கும் நன்மையாயிற்று. காலப்போக்கில் கோழிக்கோடு, பாலக்காடு முதலிய இடங்களில் கிளைகள் தோன்றின. இருப்புப்பாதையும் அஞ்சலும் மருந்தைத் தொலைவிற்குக் கொண்டு சென்றன.

மாணவர்க்கு ஒரு பள்ளி

மருந்து பெருகினால் போதுமா? அதனை அறிந்து கொடுக்கும் மருத்துவர் பெருகவேண்டாவா? தம் காலத்து வைத்தியர்களை ஆரிய வைத்திய சமாசம் என்னும் அமைப்பில் ஒன்றுகூட்டிய வாரியர், முறையான கல்விச்சாலை ஒன்று வேண்டும் என்பதையும் முதன்மையாகக் கொண்டார். 1917ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கோழிக்கோட்டில் ஆயுர்வேத பாடசாலை திறக்கப்பெற்றது. 1924இல் அது கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்யும் தரும மருத்துவமனையும் அங்கே தோன்றியது. மாணவர்கள் நோயாளரைக் கண்டு பயில்வதற்கு அது இடமாயிற்று. ஏழைக்கு மருந்தும் மாணவருக்குப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

பாடத்திட்டத்தில்தான் வாரியரின் தனித்தன்மை விளங்கியது. அட்டாங்க இருதயத்தை மட்டும் ஓதுவித்து நிறுத்திவிடவில்லை. மஞ்சேரியில் தாம் கற்ற உடற்கூற்றையும் உடலியலையும் மாணவர் கற்கவேண்டும் என்றார். அதற்கு ஏற்ற நூல் இல்லாமையால் தாமே வடமொழியில் அட்டாங்க சாரீரம் என்னும் நூலை இயற்றி 1925இல் வெளியிட்டார். பின்னர் அதனினும் விரிவான பிருகத் சாரீரம் 1942இல் வெளிவந்தது. பழைய நூல்வழக்கையும் புதிய உடற்கூற்று அறிவையும் இணைக்க முயன்ற நூல்கள் அவை. எழுபது வயதைக் கடந்தபின்னும் மாணவர்க்கென நூல் எழுதிய உழைப்பு போற்றத்தக்கது.

பாடசாலை, மருத்துவமனை, மருந்து செய்யும் இடம் ஆகிய மூன்றும் ஓரூரில் அருகருகே இருந்தமையால், மாணவன் மருத்துவத்தின் முழு வட்டத்தையும் தன் கண்ணால் காண முடிந்தது. வேர் எங்கிருந்து வருகிறது, அதன் விலை யாது, அது மருந்தாவது எவ்வாறு, அம்மருந்து நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதைத் தொடர்ந்து அறியும் வாய்ப்பு எத்தனை மருத்துவக் கல்லூரிகளில் இன்று உண்டு? ஆரிய வைத்தியன் என்னும் பட்டம் பெற்று வெளியேறிய மாணவர் பலர் தத்தம் ஊர்களில் தம் காலில் நின்று தொழில் நடத்த இக்கல்வி துணை செய்தது.

சோதனைக் காலம்

1921இல் மலபாரில் பெருங்கலகம் மூண்டது. ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்கள் அதில் பெரிதும் துன்புற்றன. கோட்டக்கல் ஏறநாட்டில் உள்ள ஊர். செல்வர்களும் அலுவலர்களும் ஊரைவிட்டு வெளியேறிய நாட்களில் வாரியர் தம் இடத்திலேயே இருந்தார். இந்துக்கள், முசுலிம்கள் என்னும் வேறுபாடின்றி, அஞ்சி வந்தவர்க்கு இடமும் உணவும் அளித்தார். வைத்திய சாலைக்குத் தீங்கு நேரவில்லை. அதற்குக் காவலாக நின்றவை துப்பாக்கிகள் அல்ல. முன்னைய பத்தொன்பது ஆண்டுகளாக எல்லாச் சமயத்தார்க்கும் வேற்றுமையின்றி மருந்து கொடுத்துவந்த நற்பெயரே அதற்குக் காவல் ஆயிற்று. தொழிலுக்கு முதல் என்பது பணம் ஒன்றே அன்று. மக்கள் வைத்த நம்பிக்கையும் முதலே என்பதை அந்நாட்கள் மெய்ப்பித்தன.

அவர் வாழ்ந்த கைலாச மந்திரத்தின் வாயிலில் இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயங்களின் சின்னங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. தம் கண்ணைக் காத்தவர் ஒரு கிறித்தவ மருத்துவர். தம் மருந்தை நம்பி வந்தவர்களில் பெருந்தொகையினர் முசுலிம் உழவர்கள். இதனை மறவாத நெஞ்சினர் அவர் என்பதற்கு அவ்வாயிலே அடையாளம்.

கலையும் கணக்கும்

வாரியர் கலைச்சுவை மிக்கவர். அந்நாளில் தமிழ்நாட்டு இசை நாடகக் குழுக்கள் கேரளமெங்கும் சென்று நடித்து மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றின் வழியில் மலையாளத்திலும் இசை நாடகங்கள் தோன்றின. வாரியரும் 1909இல் பரமசிவ விலாசம் நாடகக் குழுவை ஏற்படுத்தினார். நாடகம் நடத்துவது மருந்து செய்வது போன்றதன்று. நடிகர், உடை, திரை, பயணம் என்று செலவு ஓயாது. ஆயினும் மருந்தில் வந்த ஊதியத்தின் ஒரு பகுதியைக் கலைக்குக் கொடுப்பதை அவர் கடமையாகக் கருதினார். திரைப்படம் வந்து நாடகத்தின் நாட்கள் தளர்ந்த காலத்தில், 1939இல் கதகளிக் குழுவை அமைத்தார். பி. எஸ். வி. நாட்டிய சங்கம் என்னும் பெயரில் அது இன்றும் புகழோடு விளங்குகின்றது.

வைத்திய சாலையின் கணக்கு செம்மையாக இருந்தமையாலேயே கலைக்கும் அறத்துக்கும் கொடுக்க முடிந்தது. வரவறியாது கொடுத்தவர் கொடை ஒரு தலைமுறையில் முடிந்துபோகும். வரவறிந்து கொடுத்தவர் கொடையோ நிலைத்து நிற்கும். அவருடைய மருத்துவத் தொண்டைப் பாராட்டி அரசாங்கம் 1933இல் வைத்தியரத்தினம் என்னும் பட்டத்தை வழங்கியது.

உயில்

வாரியரின் வாழ்க்கையில் தலையாய செயல் யாது என்று கேட்டால், 1902இல் நிலையத்தைத் தொடங்கியது என்று பலர் கூறுவர். 1939இல் அவர் எழுதிய உயிலே அதனினும் பெரிது என்பது எம் கருத்து.

முன்னே கூறிய மருமக்கள்தாய முறையை இங்கே நினைவு கொள்ளவேண்டும். அவர் வாளா இருந்திருந்தால், அவருக்குப் பின் நிலையம் குடும்பத்தாரிடையே பங்கு போடப்பட்டிருக்கும். மருந்து செய்யும் இடம் ஒருவருக்கு, கிளைகள் வேறொருவருக்கு, நிலம் மற்றொருவருக்கு என்று பிரிந்து, இரண்டாம் தலைமுறையில் வழக்கு மன்றத்தில் முடிந்திருக்கும். நல்ல தொழில்கள் பல அவ்வாறு அழிந்ததை நாம் நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். வாரியரோ தாம் உழைத்து ஈட்டியதை ஒரு அறக்கட்டளையாக்கி, அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்குமாறு எழுதிவைத்தார். வருவாய் நிலையத்தின் வளர்ச்சிக்கும், தரும மருத்துவமனைக்கும், பாடசாலைக்கும், கலைக்கும் செல்லவேண்டும். குடும்பத்தார் நலனும் பேணப்படவேண்டும் என்று வகுத்தார். குடும்பத்தைக் கைவிட்டு அறம் செய்யவில்லை. குடும்பத்திற்காக அறத்தைக் கைவிடவும் இல்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் அளந்து வைத்தார்.

1944ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் மறைந்தார். உயிலின்படி அறக்கட்டளை பொறுப்பை ஏற்றது.

அவருக்குப் பின்

அவருக்குப் பின் மருமகனார் பி. மாதவ வாரியர் நிலையத்தைத் திறம்பட நடத்தி விரிவாக்கினார். 1953இல் அவர் விமான விபத்தில் உயிர் இழந்தார். அடுத்து அவர் இளவல் டாக்டர் பி. கே. வாரியர் பொறுப்பேற்றார். அவர் அப்பாடசாலையிலேயே பயின்ற மாணவர் என்பது குறிக்கத்தக்கது. கசாயத்தை மாத்திரை வடிவில் கொண்டுவந்தது அவர் தலைமையில் நிகழ்ந்த மாற்றங்களுள் ஒன்று. ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகள் நிலையத்தை நடத்திய அவர், நூறு ஆண்டு நிறைந்து 2021இல் மறைந்தார்.

இன்று கோட்டக்கல்லில் மட்டுமன்றி, நம் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலும், கருநாடகத்தின் நஞ்சன்கூட்டிலும் வைத்திய சாலையின் மருந்துத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. தில்லியிலும் கொச்சியிலும் மருத்துவமனைகள் உள்ளன. அவருடைய பாடசாலை அவர் பெயரிலேயே ஆயுர்வேதக் கல்லூரியாக விளங்குகின்றது. அவர் காட்டிய வழியில் வேறு பல நிலையங்களும் எழுந்தன. 1943இல் பி. வி. இராம வாரியர் நிறுவிய கோயமுத்தூர் ஆரிய வைத்திய மருந்தகம் நம்மவர் நன்கறிந்தது. 1944இல் சென்னையில் நாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் இம்ப்காப்ஸ் மருந்து நிலையத்தைத் தோற்றுவித்தனர். தனி ஒருவர் மட்டுமன்றி, மருத்துவர்கள் பலர் சேர்ந்தும் தொழில் நடத்தலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

நம் மாணவர்க்கு

மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. வாரியர் பெருஞ்செல்வத்தோடு தொடங்கியவர் அல்லர். வணிகம் என்னும் பாடத்தை எந்தப் பள்ளியிலும் கற்றவர் அல்லர். ஆனால் மாணவராக இருந்த காலத்திலேயே ஆயத்தமானார். நோயாளி எங்கே இடர்ப்படுகிறான் என்பதைக் கூர்ந்து நோக்கினார். அந்த இடரை நீக்குவதே அவர் தொழில் ஆயிற்று. எதனை விற்கலாம் என்று தேடித் தொடங்கியவர்க்கும், எந்த இடரை நீக்கலாம் என்று தேடித் தொடங்கியவர்க்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இன்றைய மருத்துவ மாணவன் உடற்கூறு அறிவான், நோய்க்குறி அறிவான், மருந்தின் அளவு அறிவான். ஒரு சிறு மருத்துவமனைக்கு வாடகையும் கூலியும் மருந்தின் விலையும் சேர்ந்து மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் விழிப்பான். கடன் வாங்கினால் திருப்பும் வழியையும், உடன் பணிபுரிவோரை நடத்தும் முறையையும், ஏழையிடம் எவ்வளவு பெறுவது, எவ்வளவு விடுவது என்பதையும் அவனுக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. இவற்றை அறியாமல் தொடங்குபவன் ஒன்று கடனில் மூழ்குவான். அன்றேல் கடனை அடைப்பதற்காக நோயாளியைப் பிழிவான். முன்னது அவனுக்குக் கேடு. பின்னது ஊருக்குக் கேடு. கணக்கறிவு மருத்துவ அறத்துக்குப் பகையன்று. அதற்கு வேலி என்பதைக் கோட்டக்கல் நமக்குக் கற்பிக்கின்றது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது சிறப்பாகப் பொருந்தும். மலைத்தோட்டங்களிலும் எல்லையோரச் சிற்றூர்களிலும் வாழும் நம்மவர், பெரிய நோய் என்றால் இன்றும் தேனிக்கோ மதுரைக்கோ கோயமுத்தூருக்கோ கோட்டயத்துக்கோ பயணம் செய்ய வேண்டியவராகவே இருக்கின்றனர். அவர்களுடைய மொழியும் வாழ்வும் அறிந்த மருத்துவர்கள், பெருநகரில் ஒரு நாற்காலிக்குக் காத்திராமல், தனித்தோ கூட்டுறவாகவோ இப்பகுதிகளில் நிலையங்களை எழுப்ப முன்வந்தால் எத்துணை நன்று! அதற்கு வேண்டிய கணக்கும் ஒழுங்கும் சட்டமும் படிக்கும் காலத்திலேயே அவர்கள் அறியுமாறு செய்வது பெற்றோரும் சங்கமும் மேற்கொள்ளத்தக்க கடமை. தொழில் நடத்தி முதிர்ந்த பெரியவர்கள் நம் காலனிகளில் உள்ளனர். மருத்துவம் பயிலும் இளைஞர்களும் உள்ளனர். இருவரும் ஒரு மாலை அமர்ந்து பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

ஒரு மனிதரின் கண்ணில் வந்த நோய் அவரை இரண்டாம் முறை மாணவராக்கியது. அந்த மாணவர் நிறுவிய நிலையத்திலிருந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு மருந்து வருகின்றது. அடுத்த முறை அந்தக் குழம்புப் புட்டியைக் கையில் எடுக்கும்போது, அதனுள் மூலிகையோடு சேர்ந்து காய்ச்சப்பட்ட உழைப்பையும் நேர்மையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.